கொலம்பியா: பொகோட்டாவிலிருந்து கரீபியன் கரை வரை காரில் போய்வர எந்த வழி நல்லது?

கார்முகில்:
ஜனவரியில் மூன்று வாரம் விடுமுறை. பொகோட்டாவில் இறங்கி வாடகைக் கார் எடுத்து, வடக்கே சாந்தா மார்த்தா, கார்த்தஹேனா வரை போய், மெடெயின், சலென்டோ வழியாகத் திரும்ப ஆசை. நானும் மனைவியும் மட்டும்தான், இருவருக்கும் மலைச்சாலையில் ஓட்டிப் பழக்கம் உண்டு. பொகோட்டாவிலிருந்து சாந்தா மார்த்தா வரை ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரைபடம் காட்டுகிறது, இரண்டு நாளில் ஓட்டிவிட்டால் மீதியைக் கடற்கரையில் செலவிடலாம் என்று கணக்கு. இது நடக்குமா? லா குவஹீரா பாலைவனத்துக்குள் நாங்களே காரை ஓட்டிப் போகலாமா? பாதுகாப்பு பற்றியும் சொல்லுங்கள், கேட்கிற ஆளைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

பெருவழி:
இரண்டு நாளில் போகலாம், ஆனால் மக்தலேனா ஆற்றுச் சமவெளி வழியாகப் போகும் சாலையில் மட்டும். வெயில், லாரிகள், மறுபடியும் லாரிகள், வேறொன்றும் பார்க்கக் கிடைக்காது. நீங்கள் மலை பார்க்கத்தானே போகிறீர்கள்? அப்படியானால் துன்ஹா, வியா தெ லெய்வா, பரிச்சாரா, பூகாரமாங்கா என்று கிழக்கு மலைத்தொடரைப் பிடித்தே வடக்கே போங்கள். வழியில் வரும் சான் ஹில் ஊரிலிருந்து பூகாரமாங்கா நூறு கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் நடுவில் சிக்கமோச்சா பள்ளத்தாக்கு. சாலை மேலிருந்து வளைந்து வளைந்து ஆற்று மட்டத்துக்கே இறங்கி, பாலம் தாண்டி மறுபக்கம் ஏறும். முன்னால் ஒரு முலா மாட்டிக்கொண்டால் (நீளமான டிரெய்லர் லாரியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) அரைநாள் அதிலேயே போய்விடும். அதனால் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மணிக்கணக்கைப் பாருங்கள், வரைபடம் சொல்கிற நேரத்தோடு இரண்டு மணி நேரமாவது சேர்த்துக்கொள்ளுங்கள். மலைப்பகுதியில் நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டத் திட்டமிட வேண்டாம்.

இரவில் ஓட்டவே வேண்டாம். கொள்ளைப் பயத்தைவிட, விளக்கில்லாத சைக்கிள், வளைவில் நின்றுபோன லாரி, சாலையில் உருண்டு கிடக்கும் பாறை, இவைதான் ஆளைக் கொல்லும். மழைக்காலம் பொதுவாக ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர். ஜனவரி நல்ல தேர்வு, இருந்தாலும் மண்சரிவு எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஒரே பாதையில் ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை விடும் 'பாரே இ சிகே' ஆட்களை வழிநெடுகப் பார்ப்பீர்கள். சாலை திறந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் கைப்பேசியில் #767 அழைக்கலாம், நெடுஞ்சாலைப் போலீஸ் எடுப்பார்கள்.

இருசக்கரம்:
மேலே சொன்னதோடு சில நடைமுறை விஷயங்கள். சுங்கச்சாவடி நிறைய, பல இடங்களில் ஒரு தடவைக்கே பத்தாயிரம் பெசோவுக்கு மேல், ரொக்கமாகச் சில்லறை நோட்டு வைத்திருங்கள். (பைக்குக்குச் சுங்கம் கிடையாது, ஓரமாக ஒரு சந்து விட்டிருப்பார்கள், நான் பைக்கில் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.) டீசலை அங்கே 'ஏசிபிஎம்' என்பார்கள், எரிபொருள் கேலன் கணக்கில்தான், பெட்ரோல் கார் என்றால் 'கொரியென்தே' என்று கேளுங்கள். 'சோவாட்' என்ற கட்டாயக் காப்பீடு காருக்கு இருக்கிறதா, தேதி முடியவில்லையா என்று காரை எடுக்கும்போதே பாருங்கள், போலீஸ் நிறுத்தினால் முதலில் கேட்பது அதைத்தான்.

பொகோட்டாவுக்குள் வார நாட்களில் 'பிகோ இ பிளாகா' உண்டு, நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கத்தைப் பொறுத்துச் சில நாட்கள் காரை வெளியே எடுக்க முடியாது, வாடகைக் காருக்கும் அதே விதி. எனவே நகரத்தைச் சுற்றிப் பார்த்து முடித்துவிட்டு, கிளம்பும் நாளில் கார் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். இன்னொன்று: அங்கே பல விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைப்பார்கள். அந்தத் திங்கள் மாலை ஊரே பொகோட்டா திரும்பும், நீங்களும் அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

சைக்கிள்காரர்களுக்கு ஒன்றரை மீட்டர் இடம் விட்டுத்தான் முந்த வேண்டும், அது சட்டம். அந்த ஏற்றங்களில் அவர்கள் மிதிப்பதைப் பார்த்தால் நமக்கே மரியாதை வந்துவிடும்.

உப்புக்காற்று:
லா குவஹீரா பற்றி. பலோமினோ, ரியோஹாச்சா வரை நல்ல தார்ச்சாலை, நீங்களே போகலாம். சாந்தா மார்த்தாவிலிருந்து கிழக்கே போகும் அந்தச் சாலையை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சியெர்ரா நெவாதா மலைத்தொடர், வானம் தெளிந்திருந்தால் கரீபியன் வெயிலில் நின்றுகொண்டே ஐயாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த பனிச்சிகரம் பார்க்கலாம், கடலிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூடத் தள்ளி இல்லை.

ஆனால் உரிபியா தாண்டி காபோ தெ லா வேலா, புந்தா கயீனாஸ் பக்கம் வாடகைக் காரை எடுத்துப் போகாதீர்கள். சாலை என்று ஒன்று இல்லை, மணலில் டயர்த்தடம் நாலா பக்கமும் பிரியும், மழை பெய்திருந்தால் சேறு. அது வையூ பழங்குடி மக்களின் நிலம். வழியில் குழந்தைகள் கயிறு கட்டித் தண்ணீரோ பிஸ்கட்டோ கேட்பார்கள், தண்ணீர்ப் பஞ்சம் அங்கே உண்மையான துயரம். உள்ளூர் ஓட்டுநரோடு நாலு சக்கரமும் இழுக்கும் (4x4) வண்டியில் போவதுதான் அவர்களுக்கும் உங்களுக்கும் நல்லது. காரை ரியோஹாச்சாவில் விட்டுவிடலாம்.

தைரோனா தேசியப் பூங்காவை அந்தப் பகுதிப் பழங்குடி மக்களின் வேண்டுகோளின்படி வருடத்தில் சில வாரங்கள் மூடுவார்கள், தேதியை முன்கூட்டியே பாருங்கள். கார்த்தஹேனாவிலிருந்து மொம்போஸ் என்ற ஆற்றங்கரை ஊருக்கும் ஒரு நாள் ஒதுக்கினால் நல்லது. முன்பு ஆற்றைப் படகில் தாண்ட வேண்டும், 2020இல் பாலம் திறந்தபிறகு காரிலேயே போய்விடலாம்.

கார்முகில்:
நன்றி, கடற்கரை நாட்களைக் குறைத்து பரிச்சாராவுக்கும் மொம்போஸுக்கும் கொடுத்துவிட்டேன். திரும்பும் வழியில் மெடெயினுக்கு முன்னால் வரும் காவுகாசியா சாலை பற்றிப் பயமுறுத்துகிறார்கள். லா லீனியா மலைக்கணவாயில் பெரிய சுரங்கப்பாதை வந்துவிட்டதாமே, சலென்டோவிலிருந்து பொகோட்டா எளிதாக இருக்குமா?

பெருவழி:
காவுகாசியா பக்கம் ஆயுதக் குழுக்கள் இருக்கும் பகுதி, அது உண்மை. கோவேன்யாஸிலோ மொன்தெரியாவிலோ தங்கி, விடிந்ததும் கிளம்பி, நடுவில் சுற்றாமல், வெளிச்சம் இருக்கும்போதே மெடெயின் சேர்ந்துவிடுங்கள். முந்தின நாள் தங்கும் இடத்தில் நிலைமை கேளுங்கள், போகாதே என்று சொன்னால் மக்தலேனா சமவெளிக்குத் திரும்பிவிடுங்கள். காவுகாசியா வழியில் போனால் சமவெளியிலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், யாருமால் பக்கம் மூடுபனி கண்ணை மறைக்கும்.

சுரங்கம் 2020இல் திறந்தது, எட்டரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆனால் பொதுவாக அது கஹமார்க்காவிலிருந்து கலார்கா போகிறவர்களுக்கு மட்டும், அதாவது மேற்கே போக. நீங்கள் எதிர்த்திசை, பழைய சாலையில் 3200 மீட்டருக்கு மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து எஞ்சின் பிடியில் விடுங்கள். வட்டத்தையே திருப்பிப்போட்டு முதலில் சலென்டோ போனால் சுரங்கம் உங்களுக்குக் கிடைக்கும், சிக்கமோச்சாவும் கடைசியில் வரும். நானாக இருந்தால் அப்படித்தான் போவேன், காவுகாசியாவையும் பயணத் தொடக்கத்திலேயே களைப்பில்லாமல் தாண்டிவிடலாம்.