இணையத்தள இணைப்புகளுக்கு முழு முகவரியா, சார்பு முகவரியா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தேக்கா தொண்டூழியர்:
எங்கள் சமூக அமைப்பின் இணையத்தளத்தைச் சில ஆண்டுகளாகத் தொண்டூழியமாகப் பார்த்துக்கொள்கிறேன். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்காகத் தளத்தைப் புதுப்பித்தபோது நடந்தது இது.

பழைய தளத்தில் எல்லா இணைப்புகளும் எச்டிடிபியில் தொடங்கும் முழு முகவரிகள். நான் அதை அப்படியே நகலெடுத்து, வேறு முகவரியில் சோதனைத் தளமாக வைத்தேன். நான்கு தொண்டூழியர்கள் உட்கார்ந்து சோதித்தார்கள். முகப்புப் பக்கம் சோதனைத் தளம்தான். ஆனால் 'பதிவு செய்க' என்பதை அழுத்தியதும் உண்மையான தளத்துக்குப் போய்விட்டது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருந்ததால், மேலே முகவரி மாறியதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் உண்மையான தளத்தின் பேச்சுப் போட்டிப் பட்டியல் முழுக்க, சோதனைக்காக அவர்கள் பதிந்த பொய்ப் பெயர்கள். இடங்கள் நிறைந்துவிட்டன என்று தளம் காட்டியிருக்கிறது. ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்து, "பிள்ளை ஒரு மாதமாகப் பயிற்சி செய்கிறான்" என்றார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. பொய்ப் பெயர்களை நீக்கி அவனைச் சேர்த்துவிட்டோம், ஆனால் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனை பேரோ!

அதற்குப் பிறகு, தளத்துக்குள் போகும் இணைப்புகளைத் தளப் பெயர் இல்லாமல், ஸ்லாஷில் (/) தொடங்கும் சார்பு முகவரியாக எழுதுகிறேன். பக்கம் எந்த டொமைனில் (தளப் பெயரில்) இருக்கிறதோ அதையே உலாவி முன்னால் சேர்த்துக்கொள்ளும். சோதனைத் தளத்தில் இருப்பவர் அங்கேயே இருப்பார். பாதுகாப்பான எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறினாலும் இந்த இணைப்புகளைத் தொட வேண்டியதில்லை. தளம் உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் மட்டும் கொஞ்சம் பிடிவாதம், முழு முகவரியைத்தான் தரவுத்தளத்தில் சேமிக்கும். நகலெடுக்கும்போது அதற்கென்று உள்ள தேடி மாற்றும் கருவியைப் பயன்படுத்துங்கள். தரவுத்தளத்தில் நேரடியாக மாற்றினால், சில அமைப்பு விவரங்கள் அவற்றின் எழுத்து நீளத்தோடு சேமிக்கப்பட்டிருப்பதால், நீளம் பொருந்தாமல் உடைந்துவிடும்.

செங்காங் வாசகி:
எங்களுக்கு நேர்மாறாக நடந்தது, அண்ணா. தளத்தில் எல்லாமே ஸ்லாஷில் தொடங்கும் இணைப்புகள். அதே பக்கத்தை வெட்டி மாத மின்மடலில் ஒட்டி அனுப்பினேன். ஓர் இணைப்புகூடத் திறக்கவில்லை. மின்மடலுக்கு எந்த டொமைனை முன்னால் சேர்ப்பது என்று தெரியாதே. மூத்தவர்கள் தங்கள் கைத்தொலைபேசிதான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள், அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

தளத்துக்கு வெளியே போகும் எதற்கும் முழு முகவரிதான் வேண்டும். தேடுபொறிக்குத் தரும் சைட்மேப்பில், அதாவது தளப் பக்கங்களின் பட்டியலில், அது கட்டாயம். ஒரே பக்கத்துக்குப் பல முகவரிகள் இருந்தால் எது முதன்மை என்று சொல்லும் கேனானிக்கல் குறிச்சொல்லிலும் முழு முகவரியையே கூகல் பரிந்துரைக்கிறது.

பொத்தோங் பாசிர்:
ஸ்லாஷே இல்லாமல் எழுதும் சார்பு முகவரியில் இன்னொரு சிக்கல். /தமிழ்/நிகழ்ச்சி என்ற பக்கத்தில் வெறும் 'படங்கள்' என்று இணைப்புக் கொடுத்தேன். அது /தமிழ்/படங்கள் பக்கத்துக்குப் போனது, சரி. பிறகு சர்வர் அமைப்பை மாற்றியபோது பக்க முகவரியின் கடைசியில் ஒரு ஸ்லாஷ் சேர்ந்துகொண்டது. உடனே அதே இணைப்பு /தமிழ்/நிகழ்ச்சி/படங்கள் என்று இல்லாத பக்கத்தைத் தேடியது. இணைப்பில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. காரணம் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் போயின.

தேக்கா தொண்டூழியர்:
மின்மடல் பற்றி நான் யோசிக்கவே இல்லை, தங்கச்சி. எங்கள் மடல் வெள்ளிக்கிழமை போகிறது. இன்றிரவே ஒவ்வோர் இணைப்பையும் திறந்து பார்த்துவிடுகிறேன்.