இரவில் கைபேசி உறங்கிவிடுவதால் நீர்மட்டப் பதிவு தவறுகிறது

பல்லடத்திலிருந்து கேள்வி:
தோட்டத்துக் கிணற்றின் நீர்மட்டத்தை அரை மணிக்கொரு முறை பதிவுசெய்ய நானே எழுதிய ஆண்ட்ராய்டு செயலி, பகலில் ஒழுங்காக இயங்கினாலும், மோட்டார் அறையில் திரை அணைந்து கிடக்கும் இரவில் மணிக்கணக்கில் தாமதிக்கிறது. பின்னணி வேலைகளை நேரம் பார்த்து நடத்தும் வொர்க்மேனேஜரோடு, கருவியை உறங்கவிடாமல் பிடித்துவைக்கும் வேக் லாக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டேன், பயனில்லை.

கோபியிலிருந்து பதில்:
ஆண்ட்ராய்டு 6.0 முதல் உள்ள, பேட்டரியைச் சேமிக்கும் ஆழ்ந்த உறக்கமான டோஸ் நிலை, திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல் அசைவற்றுக் கிடக்கும் கருவியில் வேக் லாக்கைப் பொருட்படுத்தாது. வொர்க்மேனேஜர் வேலைகளையும் அவ்வப்போது திறக்கும் பராமரிப்பு இடைவெளி வரை தள்ளிவைக்கும். குறித்த நேரத்தில் செயலியை எழுப்பும் அலாரம்மேனேஜரின் ‘செட்எக்ஸாக்ட்அண்ட்அலவ்வைல்ஐடில்’ கட்டளை மூலம் எழுப்புங்கள். டோஸில் அது ஒரு செயலியை 9 நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் எழுப்பாது என்றாலும், உங்கள் அரை மணிக்கு அது தடையாகாது. ஆண்ட்ராய்டு 12 முதல் துல்லிய அலாரத்துக்குத் தனி அனுமதி தேவை.

பொள்ளாச்சியிலிருந்து பதில்:
மோட்டார் அறையில் மின்சாரம் இருக்குமே, தம்பி! சார்ஜரில் செருகியிருக்கும்வரை டோஸ் வராது. மின்சாரம் நிற்கும் நேரத்துக்காக, பேட்டரி மேம்படுத்தலிலிருந்து செயலிக்கு விலக்கும் வாங்கிவையுங்கள்; அப்போது வேக் லாக் செல்லுபடியாகும், ஆனால் ஆண்ட்ராய்டு 6.0-இல் வொர்க்மேனேஜர் வேலைகள் அப்போதும் தள்ளிப்போகும் என்பதால் அங்கே கோபிக்காரர் சொன்ன அலாரம் தேவைதான்.

பல்லடத்திலிருந்து:
அலாரத்துக்கு மாற்றிவிட்டேன், சார்ஜர் இன்று மாலை போகிறது.