சென்னை மடத்தில் இரண்டு இரவு: யாருக்கு, எப்படி எழுதிக் கேட்பது?

தென்காசித் தென்றல்:
அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. இருவரும் ராமகிருஷ்ண மடத்தில் தீட்சை பெற்றவர்கள். பங்குனியில் மயிலாப்பூர் மடத்தில் இரண்டு இரவு தங்கி, காலையும் மாலையும் ஆரத்தி பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பொதிகை ரயிலில் வருவார்கள். கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் அண்ணனும் கூட வருகிறார். யாருக்கு எழுதணும், எவ்வளவு முன்னாடி, எவ்வளவு கொடுக்கணும்?

மாடவீதி:
மடத்து விருந்தினர் இல்லத்தில் அறை என்பது எழுதிக் கேட்டு, "வாருங்கள்" என்று பதில் வந்த பிறகுதான் உறுதி. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். பதில் அதற்குள் கையில் இருக்கிற மாதிரி, மூன்று மாதம் முன்பே மடத் தலைவருக்கு எழுதிவிடுங்கள்.

கடிதம் இப்படிச் சுருக்கமாகப் போதும்:

"மதிப்பிற்குரிய சுவாமிஜி, நமஸ்காரங்கள். என் பெற்றோர் இன்ன ஆண்டு, இன்ன மடத்தில், இன்ன சுவாமிஜியிடம் தீட்சை பெற்றவர்கள். இன்ன தேதி காலை வந்து, இன்ன தேதி மதியம் கிளம்புவார்கள். அப்பாவுக்கு மாடி ஏறச் சிரமம், கீழ்த்தளத்தில் அறை கிடைத்தால் உதவியாக இருக்கும்."

கூடவே ஆதார் நகலும், உங்கள் பக்கத்து மடத்திலிருந்து ஒரு அறிமுகக் கடிதமும் வையுங்கள். அந்த அறிமுகக் கடிதத்துக்குத்தான் மதிப்பு அதிகம். "பங்குனியில் ஏதாவது ஒரு வாரம்" என்று எழுதினால் பதிலே வராது. மூன்று பேருக்குக் கேட்டுவிட்டு ஐந்து பேராய் வந்து நிற்பதும் கூடாது.

இன்னொன்று, மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழா பத்து நாள். ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர். அந்த இரண்டு நாளும் கோயில் குளத்தைச் சுற்றி ஆட்டோ நுழையாது. பெட்டியோடு வந்து சேரும் நாளாக அவற்றை வைக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பணம் பற்றி: சில மடங்களில் அறைக்கு இவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள், சில இடங்களில் நீங்களாகப் பார்த்துக் கொடுக்கும் காணிக்கைதான். எதுவானாலும் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், சுவாமியின் கையில் நீட்ட வேண்டாம். கோயில் வளாகத்துக்குள் மத அறக்கட்டளை நடத்தும் அறைக்கு நாள் வாடகை 1,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் ஜிஎஸ்டி கிடையாது. அறைப் பணமும் நன்கொடையும் வேறு வேறு, ரசீதும் தனித்தனியாக வேண்டும். 80ஜி என்கிற வருமான வரிக் கழிவு நன்கொடைக்கு மட்டும்தான், அதுவும் ரொக்கமாக 2,000-க்கு மேல் போனால் செல்லாது. பான் எண்ணையும் கொடுங்கள்.

அண்ணன் விஷயத்தைக் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரரைத் தங்கவைக்கும் யாரும், மடமானாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை (சி படிவம் என்பார்கள்) ஆன்லைனில் பதிய வேண்டும். அதற்கு மடத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும், அது இல்லாத இடத்தில் மறுத்துவிடுவார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் முதல் பக்கம், விசா அல்லது ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை, வந்திறங்கிய முத்திரை இருக்கும் பக்கம் மூன்றுக்கும் நகல் தயாராக இருக்கட்டும்.

தென்காசித் தென்றல்:
நன்றி ஐயா. ரயில் விடியற்காலையில் வந்துவிடுமே, உடனே அறை கொடுப்பார்களா? அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு.

மணியோசை:
கொடுக்க மாட்டார்கள். விடியலில் மங்கள ஆரத்தி, பிறகு தியானம். அலுவலகம் அதற்கப்புறம்தான் திறக்கும். வரும் நேரத்தைக் கடிதத்தில் எழுதியிருந்தால் வாசலில் இருப்பவரிடம் சொல்லி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் எழும்பூர் கிளோக் ரூமில் பெட்டியை வைக்கலாம். பூட்டாத பெட்டியை வாங்க மாட்டார்கள், ரயில் டிக்கெட்டும் காட்ட வேண்டும்.

எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் பார்க், அங்கே இறங்கி நடந்து பார்க் டவுன், பறக்கும் ரயிலில் திருமயிலை என்று வரலாம்தான். ஆனால் படிக்கட்டு அதிகம். பெரியவர்களுக்கு ஆட்டோவே நல்லது. மெட்ரோ வேலையால் ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கம் சுற்றிப் போக வேண்டிவரும், அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு மணி அடித்ததும். தட்டில் சோறு விழுந்ததும் கை வைக்கக் கூடாது. எல்லோரும் "பிரம்மார்ப்பணம்" சொல்லி முடித்த பிறகுதான். தட்டைப் பெரும்பாலும் நாமே கழுவ வேண்டும்: மிச்சத்தைத் தொட்டியில் வழித்துப் போட்டு, தேய்த்து, கவிழ்த்து வையுங்கள். ராத்திரி சாப்பிடவில்லை என்றால் காலையிலேயே சொல்லிவிடுங்கள், உலையில் அரிசி போடுவது தலை எண்ணித்தான்.

மாலை ஆரத்தி, ஜபம் முடிந்துதான் இரவுச் சாப்பாடு. நேரம் வீட்டு வழக்கத்தோடு ஒத்துவராது. அப்பா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடுபவர் என்றால், மணி அடித்த பிறகு போடட்டும், முன்பே போட்டுவிட்டு ஆரத்தியில் உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கிவிடலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அறையில் பிஸ்கட் இருக்கட்டும்.

போர்வை, துண்டு, சின்னப் பூட்டு, கொசுவுக்குச் செருகும் மெஷின், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். லுங்கி வேண்டாம், வேட்டி நல்லது. இரவு ஒன்பது, ஒன்பதரைக்குள் கேட்டைப் பூட்டிவிடும் மடங்கள்தான் அதிகம், அதனால் கபாலி கோயிலை மாலை ஆரத்திக்கு முன்பே பார்த்துவிடுங்கள். முடிந்தால் ஐஸ் ஹவுஸுக்கும் (மெரினா எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லம்) கூட்டிப்போங்கள். 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கிய இடம். சசி மகராஜ் (சுவாமி ராமகிருஷ்ணானந்தர்) சென்னையில் மடத்தைத் தொடங்கியதும் அதே வருடம்தான். மடம் ஆரம்ப காலத்தில் நடந்ததும் அந்த வீட்டில்தான்.