கணினி திறந்ததும் தானாக ஓடுபவை: உங்களுக்கு அகப்பட்டது எது?

சுன்னாகத்தான்:

கடைக்கு லப்டொப் கொண்டுவருபவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான். "தம்பி, வாங்கேக்க நல்லா ஓடினது. இப்ப ஓன் பண்ணிப்போட்டுத் தேத்தண்ணி குடிச்சு முடிச்சாலும் வருகுதில்லை. ராம் கூட்ட வேணுமோ?" ராம் கூட்டினால் எனக்கு வியாபாரம்தான். ஆனாலும் முதலில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து ஸ்டார்ட்அப் பக்கத்தைப் பார்த்துவிடுவேன். விண்டோஸ் 8 இலிருந்து, கணினி திறந்ததும் தானாக ஓடுபவற்றின் பட்டியல் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முந்தியவற்றில் எம்எஸ்கொன்ஃபிக் என்று அடித்துத் திறக்க வேண்டும். (விண்டோஸ் 7 உடன் இன்னும் ஆட்கள் வருகிறார்கள். 2020 தையோடு அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது என்று சொன்னால், "அது நல்லாத்தானே ஓடுது" என்பார்கள்.)

அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேரே ஹை, மீடியம், லோ என்று ஒரு மட்டம் போட்டிருக்கும். ஹை என்றால் கூடாதது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கணினி தொடங்கும்போது அந்த மென்பொருள் சிபியுவில் ஒரு விநாடிக்கு மேல் எடுத்தாலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் வாசித்து எழுதினாலோ ஹை. அவ்வளவுதான். நல்ல அன்டிவைரஸுக்கும் ஹை விழலாம். கள்ள ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதிய சிறு கோப்பு) ஒன்று 300 மில்லி விநாடிக்குள்ளும் 300 கேபிக்குள்ளும் தன் அலுவலை முடித்துக்கொண்டு, லோ என்று நல்ல பிள்ளையாய் இருந்துவிடும்.

போன மாதம் ஒரு புடைவைக்கடை ஐயாவின் லப்டொப் வந்தது. பட்டியல் திரையைத் தாண்டிக் கீழே போனது. அவர் பாட்டுக் கேட்காத ஸ்பொட்டிஃபை, கூட்டம் போடாத ரீம்ஸ், எப்போதோ தொலைத்த டொங்கிளின் மென்பொருள், மை முடியப்போகிறது என்று சொல்ல வேண்டிய பிரிண்டர் மென்பொருள். அந்தப் பிரிண்டரை அவர் விற்றே விட்டார். இவையெல்லாம் தேவையில்லாதவை, தீங்கானவை அல்ல. டிஸேபிள் பண்ணிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒன்று "விண்டோஸ் அப்டேட் சேர்விஸ்" என்று இருந்தது. பப்ளிஷர், அதாவது செய்தவரின் பெயர் வரும் இடம் வெறுமை. உண்மையான விண்டோஸ் அப்டேட் இந்தப் பட்டியலில் வராது, அது பின்னால் ஒரு சேர்விஸாக ஓடுவது. வலது கிளிக் பண்ணி, கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்தேன். மென்பொருள்கள் தங்கள் சாமானை வைக்கும் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் ரோமிங், அதற்குள் வாய்க்கு வராத எழுத்துகளில் ஒரு ஃபோல்டர். அது உருவான திகதியையும் நேரத்தையும் டவுன்லோட்ஸோடு வைத்துப் பார்த்தால், அதே மாலை, சில நிமிடம் முந்தி, பிடிஎஃபை வேர்டாக மாற்றித் தரும் "இலவச" மென்பொருள் ஒன்று இறங்கியிருக்கிறது. பல அன்டிவைரஸ்களைக்கொண்டு ஒரே தரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்த்ததும் வரிசையாகச் சிவப்பு.

ஆகவே பெயரை விடுங்கள். கோப்பு எங்கே கிடக்கிறது, செய்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து யாருடையது, எப்போது வந்தது என்று பாருங்கள். ஆப்டேட்டாவில் கிடப்பதெல்லாம் கள்ளமும் இல்லை, ஸ்பொட்டிஃபையும் அங்கேதான் குடியிருக்கிறது. உங்களுக்கு அகப்பட்டவற்றையும் எழுதுங்கள்.

கம்பஸடிக் கொமினிக்கேசன்:

அண்ணை சொன்னது சரி. ஆனால் இடத்தையும் கையெழுத்தையும் மட்டும் நம்பியிருந்தால் எங்கள் கடைக்குள் வந்த சாமானைப் பிடித்திருக்க முடியாது.

எங்களுக்கு விடிந்தால் பென்ட்ரைவ், பொழுதுபட்டால் பென்ட்ரைவ். ஒருநாள் இறுதி வருடப் பிள்ளை ஒன்று ஆய்வுக் கட்டுரை பிரிண்ட் எடுக்க வந்தது. கொழுவிப் பார்த்தால் ஃபோல்டர்களின் பெயரெல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் சின்ன வளைந்த அம்புக்குறி, அளவு இரண்டு கேபிகூட இல்லை. எல்லாம் ஷோர்ட்கட். பிள்ளைக்கு முகம் செத்துப்போனது, நாளைக்குக் கையளிக்க வேண்டுமாம். உண்மையான ஃபோல்டர்கள் அழியவில்லை, மறைத்துத்தான் வைக்கப்பட்டிருந்தன. சிஸ்டம் கோப்பு என்றும் அடையாளம் போட்டுவிடுவதால், மறைந்த கோப்புகளைக் காட்டு என்று சாதாரணமாகச் சொன்னால் காட்டாது. கொமான்ட் புரொம்ப்டில் அட்ரிப் கட்டளை கொடுத்து அந்த அடையாளங்களைக் கழற்றியதும் எல்லா அத்தியாயமும் வந்துவிட்டன.

அது பென்ட்ரைவின் கதை. கடைக் கணினியிலும் தொற்றியிருக்குமே என்று ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்தேன். சந்தேகப்பட ஒன்றும் இல்லை. "மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் பேஸ்ட் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்" என்று ஒரு வரி, பப்ளிஷர் மைக்ரோசொஃப்ட் கோர்ப்பரேசன். கோப்பின் இடத்தைத் திறந்தால் விண்டோஸுக்குள் சிஸ்டம்32. அண்ணையின் சோதனை இரண்டிலும் சித்தி! ஏனென்றால் அது உண்மையிலேயே மைக்ரோசொஃப்டின் கோப்புத்தான். ஸ்கிரிப்ட்களை ஓட்டுவதற்கென்றே இருக்கும் டபிள்யூஸ்கிரிப்ட். கள்ளன் அதை வாகனமாகத்தான் பிடித்திருக்கிறான்.

அப்போது செய்ய வேண்டியது இதுதான். பட்டியலின் மேல் தலைப்பு வரியில் வலது கிளிக் பண்ணினால் இன்னும் சில நிரல்களை (கொலம்களை) சேர்க்கலாம். அதில் கொமான்ட் லைன் என்பதைச் சேருங்கள். எனக்கு அந்த வரி முழுதாகத் தெரிந்தது. முதலில் டபிள்யூஸ்கிரிப்ட், பிறகு பிழைச் செய்தி ஒன்றும் காட்டாமல் ஓடு என்ற குறிப்பு, கடைசியில் ரோமிங்குக்குள் கிடக்கும் ஒரு விபிஎஸ் கோப்பு, அதுதான் ஸ்கிரிப்ட். இதேபோல் விண்டோஸின் சொந்தக் கோப்புகளான ரன்டிஎல்எல்32, பவர்ஷெல் என்று தொடங்கும் வரிகளையும் இப்படித்தான் கடைசிவரை வாசிக்க வேண்டும். வண்டி யாருடையது என்பதைவிட உள்ளே இருப்பது யார் என்பதுதான் கேள்வி.

இன்னொன்று, எங்களிடம் வந்தது பொல்லாத சாதி. பட்டியலிலிருந்து எடுத்தால் சில விநாடியில் தானே திரும்ப எழுதிக்கொண்டது. ஓடிக்கொண்டிருக்கும் டபிள்யூஸ்கிரிப்டை முதலில் நிறுத்தி, அப்புறம் கோப்பை அழித்து, ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் கிடந்த இன்னொரு பிரதியையும் அழித்து, அதற்குப் பிறகுதான் பட்டியலில் கை வைக்க வேண்டியிருந்தது.

பென்ட்ரைவ் கொழுவிய உடனே தானாக ஓடும் வழியை 2011 மாசியில் மைக்ரோசொஃப்ட் ஒரு அப்டேட் மூலம் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அடைத்துவிட்டது. விண்டோஸ் 7 இல் முதலே இல்லை. ஆகவேதான் இந்த ஷோர்ட்கட் விளையாட்டு: தானாக ஓட முடியாது, நீங்களே கிளிக் பண்ண வேண்டும். இப்போது வாடிக்கையாளரின் பென்ட்ரைவ் வாங்க ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறோம். அங்கே அந்த விபிஎஸ் ஒன்றும் செய்யாது.

நெல்லியடி ரீச்சர்:

நான் உங்களைப்போல் தொழில் தெரிந்தவள் இல்லை. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதே, அந்த நாள்களில்தான் இதைப் படித்தேன். என் லப்டொப்பின் பற்றறி செத்துவிட்டது. கரண்ட் வந்தால் ஓன் பண்ணி, வினாத்தாள் அடித்து, அடுத்த வெட்டுக்கு முன் முடிக்க வேண்டும். அதில் நல்ல ஒரு பங்கு கணினி முழிக்கவே போய்விடும். பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து தேவையில்லாதவற்றை நிறுத்தித் தந்தபிறகு மூச்சு வந்தது.

ஒரு குறை. சில மென்பொருள்கள் அடுத்த அப்டேட்டோடு திரும்ப வந்து குந்திக்கொள்கின்றன. அவற்றின் செட்டிங்ஸுக்குள்ளேயே போய், கணினி தொடங்கும்போது திற என்பதற்குப் போட்டிருக்கும் சரி அடையாளத்தை எடுத்தால்தான் அடங்குகின்றன.

கல்யாணக் கார்ட்:

எல்லாவற்றையும் டிஸேபிள் பண்ணினால் வேகம் கூடும் என்று யாராவது இதைப் படித்துவிட்டு இறங்கமுதல் என் கதையையும் கேளுங்கள்.

எங்கள் அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், நல்ல கெட்டிக்காரன், நான் சாப்பிடப் போன நேரத்தில் பட்டியலில் இருந்த அத்தனையையும் நிறுத்திவிட்டு ரீஸ்டார்ட் பண்ணிவிட்டார். திரும்பி வந்தால் தமிழ் அடிபடவில்லை. விசித்திரம் என்னவென்றால் பாமினியில் அடித்தால் வருகிறது, யூனிகோட்டில் அடித்தால் ஆங்கிலம் வருகிறது. காரணம் இலகு. பாமினி வெறும் எழுத்துரு, அதற்கு எதுவும் பின்னால் ஓட வேண்டியதில்லை. யூனிகோட்டுக்கு நாங்கள் வைத்திருப்பது என்எச்எம் ரைட்டர். அது மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு தட்டலையும் பிடித்துத் தமிழாக்க வேண்டும். இ-கலப்பையும் அப்படித்தான். ஓடவில்லை என்றால் தமிழ் இல்லை. நல்லகாலம் அன்று இருந்தது பாமினியில் அடித்த கார்ட்.

சுன்னாகத்தான் அண்ணை பப்ளிஷர் வெறுமை என்பதைச் சந்தேகக் குறியாகச் சொன்னார். தமிழ் மென்பொருள்களில் அதைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். இப்படியானவற்றைச் சிறு குழுக்களும் தனி ஆட்களும் இலவசமாகச் செய்து தருகிறார்கள். கையெழுத்துச் சான்றிதழுக்கு யார் காசு கட்டுவது? தட்டலைக் கவனிக்கும் வேலை என்பதால், கடவுச்சொல் திருடும் மென்பொருளின் சாயலும் அதற்கு உண்டு. சில அன்டிவைரஸ்கள் அதை வைத்தே குரைக்கும். உத்தியோகபூர்வ தளத்தில் இறக்கியதா, யாரோ தந்த சிடியில் வந்ததா என்பதுதான் எனக்கு அளவுகோல்.

லப்டொப்பில் டச்பாட், சத்தம், மொழிப்பட்டை என்று வருபவற்றிலும் அவசரப்பட வேண்டாம். சிடிஎஃப்மொன் என்ற ஒன்றை வைரஸ் என்று முந்திப் பலர் அழிக்கச் சொன்னார்கள். அது விண்டோஸின் சொந்தக் கோப்பு, மொழி உள்ளீட்டைப் பார்ப்பது. சிஸ்டம்32 க்கு வெளியே அதே பெயரில் ஒன்று கிடந்தால்தான் பயம்.

கோண்டாவில் கேமர்:

என்னுடையது ஸ்டார்ட்அப் பட்டியலிலேயே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கணினி வாங்கிய இடத்திலேயே விண்டோஸும் போட்டுத் தந்தார்கள். எப்படிப் போட்டது என்று எங்களில் யார் கேட்கிறோம்? ஒரு மென்பொருளும் திறக்காமல் சும்மா விட்டால் ஃபான் ஊளையிடும். என்ன என்று பார்க்க டாஸ்க் மனேஜரைத் திறந்தால், சிபியு ஒரு கணம் உச்சியில் நின்று சடாரென்று இறங்கும், ஃபானும் அடங்கும். மூடினால் கொஞ்ச நேரத்தில் திரும்ப ஊளை. அப்பா மோட்டர் பழுதோ என்று கேட்டார்.

டாஸ்க் மனேஜர் திறப்பதைக் கண்டவுடன் ஒளிந்துகொள்ளும் மைனர்கள் (கிரிப்டோ நாணயம் தோண்டும் மென்பொருள்கள்) உண்டு என்று தேடிப்பார்த்தபோது விளங்கியது. மொனேரோ என்ற நாணயத்தைச் சாதாரண சிபியுவிலேயே தோண்டலாம், விலைகூடிய கிராஃபிக்ஸ் கார்ட் தேவையில்லை. ஆகவே ஊரான் வீட்டுக் கணினியும் கரண்டும் அவர்களுக்கு இலாபம்.

பிடித்துத் தந்தது ஓட்டோரன்ஸ். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் கொக்ஸ்வெல்லும் செய்த சிஸின்டேர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. 2006 இல் மைக்ரோசொஃப்ட் வாங்கிவிட்டது, அவர்களின் தளத்திலேயே இலவசமாக இருக்கிறது. டாஸ்க் மனேஜர் காட்டுவதைவிட எத்தனையோ மடங்கு காட்டும்: சேர்விஸ், டிரைவர், நேரம் குறித்து ஓடும் வேலைகள் எல்லாம். முதல் தரம் திறந்தால் தலை சுற்றும், மைக்ரோசொஃப்ட் வரிகளை மறை என்று சொன்னால் குறையும். மஞ்சள் வரி என்றால் கோப்பே இல்லை, பழைய மிச்சம். இளஞ்சிவப்பு என்றால் கையெழுத்து இல்லை அல்லது சரிபார்க்க முடியவில்லை. எனக்கு ஷெடியூல்ட் டாஸ்க் பகுதியில் இளஞ்சிவப்பில் இரண்டு. ஒன்று விண்டோஸைக் கள்ளமாக உயிர்ப்பித்து வைத்திருப்பது. மற்றது புரோகிராம்டேட்டாவில் ஒரு ஃபோல்டருக்குள், நான் லொகின் பண்ணும்போதெல்லாம் எழும்புவது. விண்டோஸின் சொந்த அன்டிவைரஸான டிஃபென்டர் ஏன் விட்டது என்று பார்த்தால், அதன் விலக்குப் பட்டியலில் அந்த ஃபோல்டர் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது!

எடுத்துவிட்டேன். ஆனாலும் பிறகு அந்த விண்டோஸை நம்ப மனம் வரவில்லை. முழுதாக அழித்துப் புதிதாகப் போட்டேன்.

அளவெட்டியான்:

ரொறன்ரோவில் இருக்கும் மகன் அங்கிருந்தே என் திரையைப் பார்த்து உதவி செய்ய ஒரு மென்பொருள் போட்டுத் தந்தான். அது ஸ்டார்ட்அப்பில் இருப்பது எனக்குத் தெரியும். போன வருடம் அவன் பட்டியலைப் பார்த்தபோது அதேமாதிரி இன்னொன்றும் இருந்தது. வங்கியிலிருந்து என்று சொல்லி ஒருவர் தொலைபேசியில் பேசி அம்மாவைக்கொண்டு போடவைத்தது. கையெழுத்து, இடம் எல்லாம் ஒழுங்கான, பெயர் பெற்ற மென்பொருள்தான். இந்த வகையில், வீட்டில் யார் போட்டது என்று கேட்பதைத் தவிர வேறு சோதனை இல்லை.

மானிப்பாய் வாசி:

என் பட்டியலில் "புரோகிராம்" என்று மட்டும் ஒரு வரி. படமும் இல்லை, பப்ளிஷரும் இல்லை. வைரஸோ?

சுன்னாகத்தான்:

பெரும்பாலும் இல்லை தம்பி. புரோகிராம் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரின் பெயர் நடுவில் இடைவெளி இருக்கிறதல்லவா. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பாதையை மேற்கோள் குறிக்குள் எழுதாமல் விட்டிருந்தால், விண்டோஸ் இடைவெளியோடு நின்று முதல் சொல்லை மட்டும் பெயராகக் காட்டும். நீங்கள் எப்போதோ அகற்றிய மென்பொருளின் மிச்சமாகவும் இருக்கலாம். கம்பஸடித் தம்பி சொன்னபடி கொமான்ட் லைன் நிரலைச் சேர்த்தால் முழுப் பாதையும் தெரியும். தெரிந்த மென்பொருள் என்றால் டிஸேபிள் பண்ணுங்கள், அழிக்க வேண்டாம், தேவைப்பட்டால் திரும்ப ஓன் பண்ணலாம். பிறகு ஷட்டவுன் பண்ணாமல் ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஓன் என்றால் ஷட்டவுன் பண்ணியும் விண்டோஸ் முழுதாகப் புதிதாகத் தொடங்காது. பாதை ரோமிங், டெம்ப் பக்கம் போனால் படம் எடுத்து இங்கே போடுங்கள்.