லாரி பேக்கர் கட்டடங்களில் நான் கற்றது

நாகர்கோவில் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கிற சிவில் இன்ஜினியர் நான். குறைந்த செலவுக் கட்டடங்களுக்குப் பெயர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கரை நேரில் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. 2007 ஏப்ரல் 1 அன்று, 90 வயதில், திருவனந்தபுரத்தில் அவர் காலமானபோது நான் மாணவன். ஆனாலும் தொழிலில் உன் குரு யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அவர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸைப் பலர் பார்த்திருப்பீர்கள். சுருளாக மேலேறும் வட்டக் கட்டடம். உள்ளே ஒன்றாம் மாடி, இரண்டாம் மாடி என்று பிரிவே கிடையாது. தரையே சரிந்து சரிந்து சுற்றிக்கொண்டு மேலே போகும். ஓரமாக மேஜையும் பெஞ்சும், எல்லாம் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியவை. சுவரில் இடைவெளி விட்டு அடுக்கிய செங்கற்களுக்கு நடுவே காற்றும் வெளிச்சமும் வரும். தலைப்பாகை கட்டிய சர்வர் கையில் தட்டோடு அந்தச் சரிவில் சர்வ சாதாரணமாக நடந்து வருகிறார். கல்லூரியில் எங்களுக்கு யாரும் இப்படி ஒன்றைக் காட்டியதில்லை.

பேக்கர் 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவப் பணி. ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காக பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். 1945-ல் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைக் கட்டட வேலைக்காக இந்தியா வந்தவர், டாக்டர் எலிசபெத்தை மணந்து இமயமலையடிவார பித்தோராகரில் பல ஆண்டுகள் இருந்தார். அங்கே மலைவாசிகள் கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டுவதைப் பார்த்துத்தான் தன் படிப்பையே மறுபடி தொடங்கினார் என்பது என் எண்ணம். கேரளம் வந்தது 1963-ல். இந்தியக் குடியுரிமை 1989, பத்மஸ்ரீ 1990.

விருதுகளை விட அவர் இந்தத் தொழிலுக்குச் செய்த பெரிய காரியம் வேறு. தெரிந்ததை மறைத்து வைக்கவில்லை. மண் சுவர் எப்படி எழுப்புவது, செலவை எங்கே குறைப்பது என்று கையால் படம் போட்டுச் சின்னச் சின்னப் புத்தகங்களாக எழுதினார், கொத்தனாருக்கும் புரிகிற மாதிரி. சைட்டிலேயே நின்று கொத்தனார்களோடு சேர்ந்து வேலை பார்த்தார். குறைந்த செலவில் வீடு கட்டித் தரும் காஸ்ட்ஃபோர்டு என்ற, 1985-ல் தொடங்கிய அமைப்பு வழியாக அந்த முறை அடுத்த தலைமுறைக்குப் போனது.

அப்படிப் பழகிய ஒரு கொத்தனாரை என் சைட்டுக்குக் கூட்டி வந்தேன். எலிப்பொறிக் கட்டு என்கிற ராட் டிராப் பாண்ட் முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி வைப்பார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்குள் மூன்று அங்குலம் வெற்றிடம் கிடைக்கும். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், வீட்டுக்குள் சூடும் குறைவு. அவர் ஒவ்வொரு வரிசைக்கும் கலவை போடும் முன் அந்த இடைவெளி மேல் ஒரு மரச்சட்டத்தை வைத்தார். கலவை உள்ளே விழுந்து அடைத்துவிடக் கூடாதே! போட்டதும் சட்டத்தை உருவி அடுத்த இடத்துக்கு நகர்த்துவார். மூலைகளிலும் கதவு, ஜன்னல் ஓரங்களிலும் மட்டும் இடைவெளி விடாமல் கட்டினார். எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிக்காத நுணுக்கம் அந்த மரச்சட்டம்.

கூரைக்கு ஃபில்லர் ஸ்லாப். கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகப் பரப்பி, மேலே கான்கிரீட். தளத்தின் அடிப்பாகத்தில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தை ஓடு நிரப்பிக்கொள்கிறது. ஓட்டை முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

செலவில் இத்தனை சதவீதம் என்று கூலி வாங்குகிற நம் தொழிலில், செலவைக் குறைப்பதையே கடமையாக ஒருவர் எடுத்துக்கொண்டது சாதாரணமில்லை.

ராட் டிராப் சுவர் கட்ட நினைப்பவர்கள் ஒரே அளவில், முனை உடையாத செங்கல்லாகப் பார்த்து வாங்குங்கள். பூசாத சுவரில் கோணல் அப்படியே தெரியும். எலக்ட்ரீஷியனை முதல் வரிசைக்கு முன்பே கூப்பிட்டு ஸ்விட்ச் இடங்களை முடிவு செய்துவிடுங்கள். வயர் போகும் பைப்பை அந்த வெற்றிடத்திலேயே இறக்கலாம். மழைச்சாரல் அடிக்கும் பக்கம் கூரையைக் கொஞ்சம் நீட்டி விடுங்கள்.