புதுப்பிப்பு: ஒகேனக்கல் பரிசல் பயணம்

ஆடியில் ஒகேனக்கல் போனால் பரிசல் ஓடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கிளம்பச் சொன்னீர்கள். அதுதான் சரியான யோசனை. கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளில் உபரிநீர் அதிகம் திறந்தால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வந்துவிடும். நீர்வரத்து குறைந்த பிறகே போனோம்.

லைஃப் ஜாக்கெட் மாட்டிய பின்தான் ஏற்றினார்கள். மூங்கில் பின்னல், அடியில் தார் பூசிய ஷீட், அவ்வளவுதான் பரிசல். பாறை இடுக்கில் ஒற்றைத் துடுப்பால் அதைச் சுழற்றித் திருப்பிய பரிசல்கார அண்ணனின் லாவகம் அபாரம்! அப்புறம், கரையோர நீர்மருத மரத்தில் சாம்பல் நிற மலை அணில் ஒன்று வாலைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி காடுகளின் ஒரு பகுதியை 2022-இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. போகிறவர்கள் மீன் வறுவல் தட்டு, பாட்டிலை ஆற்றில் வீச வேண்டாம், தயவுசெய்து.