ஒரே தோட்டப் பாதை, மூன்று கொட்டேசன். பெறுகை வரம்பு எதற்குக் கணக்கு?

கேள்வி: பொகவந்தலாவ கொந்தராத்து

வணக்கம். நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் சின்னச் சின்னக் கொந்தராத்து (ஒப்பந்த) வேலை செய்கிறவன். கொங்கிரீட் பாதை, கான் (வடிகால்), பக்கச்சுவர், இந்த மாதிரி. கட்டுமான ஒப்பந்தக்காரரைத் தரம் பிரித்துப் பதிகிற சீடாவில் (CIDA) கீழ்த் தரத்தில் பதிவு இருக்கிறது.

அண்மையில் ஒரு உள்ளூராட்சி மன்றம் தோட்டப் பாதை ஒன்றுக்கு விலை கேட்டது. மேல் டிவிசன் கோயிலடியிலிருந்து லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு) இறங்குகிற பாதை. எனக்கு வந்த பி.ஓ.கியூ.வில் (வேலை அளவுப் பட்டியலில்) செயினேஜ், அதாவது பாதை தொடக்கத்திலிருந்து அளக்கிற தூரம், 0 முதல் 110 மீற்றர் என்று இருந்தது. பாதை அதோடு முடியாதே என்று விசாரித்தால், 110 முதல் 220 வரை ஒரு கொட்டேசன் (விலை கேட்பு), 220 முதல் கடைசி வளைவு வரை இன்னொன்று. அவற்றை வேறொருவரிடம் வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 18 இலட்சத்துக்குப் பக்கம். ஒரே நாளில் திறந்தார்கள், மூன்றும் ஒருவருக்கே போயிற்று.

ஆபீசில் கேட்டால் “எல்லாம் வரம்புக்குள்ளேதான் இருக்கு, பேப்பரில் போடத் தேவையில்லை” என்கிறார்கள். அந்தப் பெறுகை வரம்பு, அதாவது அரசு ஒரு வேலையையோ பொருளையோ வாங்கும்போது பார்க்கிற தொகை எல்லை, துண்டுக்கா, பாதைக்கா? ஒருவர் குழுவின் அதிகாரம் என்கிறார், இன்னொருவர் பத்திரிகை விளம்பரம் என்கிறார், மூன்றாமவர் 5 மில்லியன் என்கிறார். தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பதில்: அட்டன் ஹார்ட்வெயார்

எங்கே நடக்காத விஷயம் தம்பி? ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அரைக் கோடிக்கு ஒரே டெண்டராகப் போட்டால் கண்டியிலிருந்து பெரிய ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார். நமக்கு மணல் இறக்குகிற வேலைதான் மிஞ்சும். துண்டாக வந்தால்தான் சின்ன ஆட்கள் பிழைக்கலாம்.

பதில்: பழைய பெறுகைக் கிளார்க்

தம்பி, நான் வேலை செய்த காலம் முழுக்க இந்தக் கோப்புகளோடுதான் கிடந்தேன். உங்களிடம் மூன்று பேர் சொன்னதும் சரி. ஆனால் மூன்றும் வெவ்வேறு வரம்பு.

முதலாவது, யார் தீர்மானிக்கலாம் என்பது. திணைக்களப் பெறுகைக் குழு, அமைச்சுப் பெறுகைக் குழு, அதற்கு மேல் அமைச்சரவை நியமிக்கும் குழு என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தொகை உண்டு. உள்ளூராட்சி மன்றக் குழுவுக்கும் அப்படியே.

இரண்டாவது, எந்த முறையில் வாங்கலாம் என்பது. சின்னத் தொகை என்றால் குறைந்தது மூன்று பேரிடம் விலை கேட்டு ஒப்பிடலாம். தொகை கூடினால் தேசியப் போட்டி விலைமனு, பத்திரிகை விளம்பரம். 2006 அரச பெறுகை வழிகாட்டியில் அதற்குக் குறைந்தது 21 நாள் அவகாசம், சர்வதேச விலைமனு என்றால் 42 நாள். உங்கள் ஆபீஸ்காரர் தப்பிக்கப் பார்த்தது இந்த இரண்டாவதிலிருந்து.

அந்த 5 மில்லியன் (50 இலட்சம்) ரூபா வேறு சட்டம். 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தச் சட்டப்படி, அதற்கு மேற்பட்ட அரச ஒப்பந்தத்துக்குக் கம்பனிப் பதிவாளரிடம் பதிந்து சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். 18 இலட்சம் மூன்று தடவை என்றால் 54 இலட்சம். துண்டாகப் பார்த்தால் ஒன்றுக்கும் தேவையில்லை, பாதையாகப் பார்த்தால் தேவை. தற்செயல் என்று நினைக்கிறீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சரி, துண்டுக்கா பாதைக்கா? பாதைக்குத்தான். வரம்போடு ஒப்பிட வேண்டியது மொத்தச் செலவு மதிப்பீடு. சீமெந்து, கூலி மட்டும் இல்லை, எதிர்பாராச் செலவும் சேர்த்து, அந்தத் தேவை முழுவதுக்கும். வரம்பைத் தவிர்ப்பதற்காகப் பிரிப்பது கூடாது. இந்தியாவின் 2017 பொது நிதி விதிகளும் மேலதிகாரியின் அனுமதியைத் தவிர்க்கத் தேவையைத் துண்டு போடாதே என்றுதான் சொல்கின்றன.

பிரிப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஒரு டிவிசனில் கான், இன்னொரு டிவிசனில் பக்கச்சுவர் என்றால் தனித்தனிக் கோப்பு நியாயம்தான். கணக்காய்வாளர் வந்தால் முதலில் பார்ப்பது செயினேஜைத்தான். ஒரு பி.ஓ.கியூ. 110 இல் முடிந்து அடுத்தது 110 இல் தொடங்கினால், அதுவும் ஒரே வாரத்தில், ஒரே ஒதுக்கீட்டில் என்றால், ஐயவினா (விளக்கம் கேட்கும் கணக்காய்வுக் கேள்வி) எழுதுவதற்கு அவர் வேறொன்றும் தேட வேண்டியதில்லை. 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்த பிறகு, நட்டத்தைப் பொறுப்பானவரிடமே மிகைக்கட்டணமாக அறவிடவும் வழி உண்டு. கையொப்பமிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அவர்கள் பக்கமும் ஒரு கஷ்டம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நம்ம பக்கத்தில் லொறி தேயிலைப் பெக்டரி வரைதான் போகும். அங்கிருந்து டிராக்டர், கடைசி இறக்கத்தில் தலைச்சுமை. இந்த ஏற்றுக்கூலி எல்லாம் எஸ்டிமேட்டில் ஏறும். கொழும்பில் வரம்புக்குள் நிற்கிற அதே நீளப் பாதை இங்கே வரம்பைத் தாண்டும். 2022 இல் சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தொட்டபோது போன வருட எஸ்டிமேட் எதுவும் நிற்கவில்லை. தொகைகள் மாறிக்கொண்டே இருப்பதும் இதனால்தான். 2006 இல் வழிகாட்டி தனி, தொகைகள் கைநூலில் தனி, அதற்குப் பிறகு திருத்தத்துக்கு மேல் திருத்தம். இப்போது தேசிய பெறுகை ஆணைக்குழுவின் 2024 வழிகாட்டி 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே யாராவது தொகை சொன்னால், எந்தத் திகதிச் சுற்றறிக்கை என்று கேளுங்கள். பழைய தாளை வைத்துக்கொண்டு பேசுகிற ஆபீஸ்கள் நிறைய.

அட்டன் அண்ணனுக்கு: சின்ன ஆட்களுக்கு வேலை போக வேண்டும் என்றால் ஒரே டெண்டரைத் தொகுதிகளாகப் பிரித்து விளம்பரம் போடலாமே. 110 மீற்றர் ஒரு தொகுதி, விரும்பியவர் ஒன்றுக்கோ மூன்றுக்கோ விலை போடட்டும். முறையைத் தீர்மானிப்பது மொத்தத் தொகை, வேலை கிடைப்பது தொகுதிப்படி. இங்கே நடந்ததில் சின்ன ஆளுக்கு என்ன கிடைத்தது? மூன்றும் ஒருவருக்கல்லவா போயிற்று?

பொகவந்தலாவ கொந்தராத்து

நன்றி ஐயா, இப்போது விளங்குகிறது. ஆனால் நான் எழுத்தில் கேட்டால் அடுத்த வேலைக்குக் கடிதம் வராது. இந்த ஊரில் யார் கேட்டது என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். பாதையும் பாதி போட்டு முடிந்துவிட்டது.

பழைய பெறுகைக் கிளார்க்

நீங்கள் கேட்க வேண்டாம் தம்பி. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் கேட்கலாம், ஏன் கேட்கிறேன் என்று சொல்லத் தேவையில்லை. அந்த லயத்தில் இருக்கிற யாராவது ஒருவர் போதும். பாதை அவர்களுடையதுதானே. தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும்.

ஆனால் “ஏன் மூன்றாகப் பிரித்தீர்கள்” என்று கேட்க வேண்டாம். அதற்கு ஒரு வியாக்கியானம்தான் வரும். ஆவணமாகக் கேட்கச் சொல்லுங்கள்: அந்த வருடப் பெறுகைத் திட்டத்தில் இந்தப் பாதை இருக்கும் பக்கம், மூன்று எஸ்டிமேட்டும் அவை தயாரித்த திகதியோடு, பெறுகைக் குழுவின் தீர்மானம், கொட்டேசன் கடிதம் அனுப்பிய பெயர்ப் பட்டியல். திட்டத்தில் ஒரே வரியில் ஒரே பாதையாக இருந்து, எஸ்டிமேட் மட்டும் மூன்றாக இருந்தால், அந்த இரண்டு தாளையும் சேர்த்துக் கணக்காய்வாளர் நாயகம் திணைக்களத்துக்கு அனுப்பலாம். பாதை போட்டு முடிந்தாலும் கோப்பு இருக்கும்.